கிட்ட வா கண்ணு

என் இடது காது கேட்காது. பிறவிக் கோளாறு இல்லை, வயசுக் கோளாறும் இல்லை. கொல்லிமலைச் சந்தையில் நாலு ஊர்ச் சனம் பார்க்க ஒரு பொம்பளை விட்ட அறையில் போன காது அது. அந்தப் பக்கம் உட்கார்ந்து யாராவது பேசினால் நான் சும்மா தலையை ஆட்டி வைப்பேன். அப்படி ஆட்டியே சொந்தத்தில் இரண்டு கல்யாணங்களுக்குச் சம்மதம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பாவமும் அவளைத்தான் சேரும்.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. எனக்குத் தெரிந்து அவள் பெயர் ஒரே ஒரு வழக்குக் காகிதத்தில்தான் ஏறியது. அது ஏறியதற்குக் காரணம் நான். இன்னொரு காகிதத்திலும் நானே ஏற்ற மனசு வரவில்லை. மலையில் எல்லோரும் அவளை அக்கா என்போம். அவளுக்கு மூத்தவர்களும் அப்படியேதான் கூப்பிட்டார்கள். வம்பு எதற்கு என்றுதான்.

அப்போது அவளுக்கு நாற்பது வயசிருக்கும். உயரம் கிடையாது, தோள் மட்டும் ஆம்பிளைத் தோள். மிளகு மூட்டையைத் தலையில் வைத்தால் மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி போய்த்தான் இறக்குவாள். இடுப்பில் எப்போதும் ஒரு கொடுவாள். அதற்கு இருந்த மரியாதை பல மலையூர்கள் சேர்ந்த எங்கள் பெரக்கரை நாட்டில் ஊர்க்கவுண்டருக்கே இருந்ததா என்பது சந்தேகம்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. கோபம் வந்தால் கத்த மாட்டாள், குரல் இறங்கிவிடும். பிள்ளைக்குச் சோறூட்டுகிறவள் மாதிரி, "கண்ணு, கொஞ்சம் கிட்ட வா" என்பாள். விவரம் தெரிந்தவன் அங்கேயே நாலு அடி பின்னால் போய்விடுவான். தெரியாதவன் கிட்டப் போவான். சந்தையில் தராசுத் தட்டைக் கால் விரலால் அழுத்திய மிளகு வியாபாரி ஒருவன் போனான். அவன் தராசுக் கோலாலேயே அவன் மூக்கை உடைத்து அனுப்பினாள். விறகுக்குப் போன பெண்ணின் கையைப் பிடித்து இழுத்த காட்டிலாகா கார்டு ஒருவனும் போனான். அவன் கையைப் பாறைமேல் அமுக்கி வைத்துக் கல்லைத் தூக்கிப் போட்டாள். அஞ்சு விரலும் நசுங்கின. அவன் போட்ட சத்தம் அடுத்த ஊர்வரைக்கும் கேட்டது. அக்கா கையைக் கழுவிவிட்டுச் சாமைக்குக் களையெடுக்கப் போய்விட்டாள்.

யாரை அடிக்கமாட்டாளோ அவரைத்தான் சத்தம் போட்டுத் திட்டுவாள். வரும்போதெல்லாம் அந்தத் திட்டு வாங்கியவர் எங்கள் தலைவர்.

தலைவர் கீழ்நாட்டுக்காரர், காளப்பநாயக்கன்பட்டி. வக்கீலுக்குப் படித்துப் பாதியில் விட்டவர். கதர்ச்சட்டை, ஒரு குடை, கக்கத்தில் மனுக்கட்டு. காட்டை வெட்டித் தீயிட்டுச் சாமை விதைக்கிற எங்கள் புனக்காடுகளையெல்லாம் சர்க்கார் காடு என்று காட்டிலாகா எழுதிக்கொண்ட காலம் அது. தழை ஒடித்தால் அடி, மாடு மேய்ந்தால் மாட்டுக்கும் அடி. எங்களுக்காகச் சங்கம் வைத்தவர் அவர்தான். மாதம் இரண்டு தடவை மலையேறி வருவார். யாரையும் கைநீட்டக் கூடாது என்பார். முன்னால் இரண்டு பல் இல்லாததால் அவர் பேச்சில் காற்று வரும். 'சர்க்கார்' என்பது 'ஷர்க்கார்' என்று விழும்.

கார்டின் விரல்கள் நசுங்கிய அன்றைக்கு அவர் அக்கா வீட்டு வாசலில் வெயிலில் உட்கார்ந்துவிட்டார். "அம்மிணி, நீங்க போய் அந்தாளுக்கு மருந்து கட்டற வரைக்கும் எனக்குத் தண்ணி வேண்டாம்" என்றார்.

"குடிக்காட்டிப் போங்க. செத்தீங்கன்னா மனு எழுதற வேலை மிச்சம். ஊர்ல வேற வேலைவெட்டி இல்லீங்களா உங்களுக்கு?" என்று அக்கா கத்தினாள். மத்தியானம்வரை கத்தினாள். பிறகு பச்சிலையை அரைத்து எடுத்துக்கொண்டு போய், அலறிய கார்டின் தலையை மடியில் வைத்து அமுக்கிப் பிடித்து விரல் விரலாகக் கட்டுப்போட்டுவிட்டு வந்தாள். வந்து இவருக்கு ஒரு செம்பு தண்ணீரை ணங்கென்று சத்தம் கேட்கும்படி வைத்தாள். கேஸ் ஆகாமல் அவர்தான் பேசி முடித்தார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. அந்த மலையில் பிறந்தவன்தான், முள்ளுக்குறிச்சியில் தங்கி எட்டாவதுவரை படித்தேன். பேப்பர் வாசிப்பேன். அந்த எட்டாவதைத் தலையில் கிரீடம் மாதிரி வைத்துக்கொண்டு திரிந்தேன். சங்கத்தில் என்னைப் போல ஏழு பேர். எங்களுக்குக் காட்டிலாகாவைவிடத் தலைவர்மேல்தான் எரிச்சல் அதிகம். எதிரியைப் பார்ப்பது மாதம் ஒரு தடவை, இவரைப் பார்ப்பது இரண்டு தடவை. காரணம் வேறென்ன.

எரிச்சல் முற்றியதற்குக் காரணம் ஒரு ஒப்பந்தம். தலைவர் தனியாகக் காட்டிலாகா பங்களாவுக்குப் போய் ரேஞ்சருடன் பேசி முடித்துவிட்டு வந்தார். பழைய புனக்காட்டில் நாங்கள் விதைத்துக்கொள்ளலாம். விறகும் தேனும் எடுக்கலாம். கார்டு ஊருக்குள் நுழையக் கூடாது. அதற்குப் பதிலாக மூன்று வருஷம் புதுக்காடு வெட்டக் கூடாது. யாராவது மீறினால் நான் பொறுப்பு என்று தலைவர் தன் பெயருக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். முழுக்காடும் எங்களுடையது, அதில் பாதியைப் பிச்சை வாங்கி வர இவர் யார் என்று நாங்கள் குதித்தோம். அந்தப் பங்களாவையே கொளுத்துவோம் என்றோம்.

அடுத்த சந்தையில் நான் ஒரு கல்மேல் ஏறி நின்றேன். கக்கத்தில் இல்லாத மனுக்கட்டை இடுக்கிக்கொண்டேன். "ஷர்க்கார் ஷமூகத்துக்கு..." என்று அவர் மனு வாசிக்கிற மாதிரி காற்று விட்டுப் பேசிக் காட்டினேன். சனம் சிரித்தது. பயந்தாங்கொள்ளி, காலை நக்கி வாங்கின கையெழுத்து என்றேன். இன்னும் சிரித்தது.

"நல்லாப் பேசறயே. கண்ணு, கொஞ்சம் கிட்ட வா."

எனக்கு விவரம் தெரியும். ஆனால் கல்மேல் நிற்பவனுக்குப் புத்தி எங்கே இருக்கிறது. பாராட்டப்போகிறாள் என்றே நினைத்து இறங்கிப் போனேன். அடுத்த நிமிஷம் மண்ணில் கிடந்தேன். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு வந்துவிட்டது. மலை முழுக்க வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அந்த வண்டு இன்றைக்கும் ஓயவில்லை.

அறை வாங்கியவன் சும்மா இருப்பானா. நாட்டுக் கூட்டத்தைக் கூட்டினேன்.

எங்கள் நாட்டில் ஒரு சட்டம் உண்டு. மண்ணைப் பற்றி வாக்குக் கொடுப்பவன், கோயில் பலாமரத்தடியில், வெறுங்காலோடு நின்று, அந்த மண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு கொடுக்க வேண்டும். தலைவர் பங்களாவில் நாற்காலியில் உட்கார்ந்து காகிதத்தில் கொடுத்துவிட்டார். கீழ்நாட்டுக்காரருக்கு இது தெரியாது. தெரியாமல் செய்தாலும் எங்களுக்குக் குற்றம் குற்றம்தான். அதற்குப் புளியம் விளாரால் பன்னிரண்டு அடி. ஆனால் வெளியூரானை நாட்டு மண்ணில் அடிக்கக் கூடாது. நாட்டுக்காரன் ஒருவன் அவனுக்குப் பிணை நின்று அந்த அடியை வாங்க வேண்டும். அடிப்பது குற்றம் சொன்னவனுடைய கை. அடி முடிந்தால் குற்றம் செத்தது. அடித்தவன் அதை மறுபடி வாயால் எடுக்கக் கூடாது, கொடுத்த வாக்கும் நாட்டு வாக்கு ஆகிவிடும். பிணை நிற்க ஆளில்லாவிட்டால் வாக்கு செல்லாது, வெளியூரான் மலையிறங்க வேண்டும், திரும்பி ஏறக் கூடாது.

யார் நிற்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில்தான் நான் கூட்டினேன். ஊர்க்கவுண்டர் மூன்று தடவை கேட்டார். ஆம்பிளைகள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அக்கா எழுந்து வந்து நடுவில் நின்றாள்.

"பொம்பளை நிக்கறது வழக்கமில்லையே" என்றார் ஊர்க்கவுண்டர்.

"நிக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்? ஆம்பளைங்க நிக்கட்டும், நான் உக்காந்துக்கறேன்" என்றாள். யாரும் வரவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினாள். அன்றைக்குத்தான் அந்தப் பல் கதை வெளியே வந்தது.

"இவுரைப் பயந்தாங்கொள்ளிங்கற. எந்தம்பியைப் பழைய ரேஞ்சரு கட்டிவெச்சு அடிச்சுக் கொன்னது உனக்குத் தெரியுமில்ல? மூணாம் நாளு அந்த ரேஞ்சரை வெட்டறதுக்குக் கொடுவாளோட தடத்துல நின்னேன். ரேஞ்சரு வளைவுல வாரான். அவனுக்கு முன்னால குடையப் புடிச்சுட்டு இவுரு வாராரு. என் மூஞ்சியப் பாத்தாரு. பேசலை. கீழ உக்காந்து என் ரெண்டு காலையும் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. உதைச்சேன். வாய்லயே உதைச்சேன். பல்லு ரெண்டும் என் காலடியில விழுந்துது, வாய் நெறைய ரத்தம், புடிச்ச கைய உடலை. ரேஞ்சரு எங்களத் தாண்டிப் போய்ட்டான். போனதுக்கு அப்பறந்தான் உட்டாரு."

அக்கா எங்கள் ஏழு பேர் பக்கமும் திரும்பினாள்.

"நான் அன்னைக்கு வெட்டியிருந்தா அடுத்த நாளே கீழருந்து துப்பாக்கி ஏறியிருக்கும். இந்த ஊடு, சாமை, சனம் ஒண்ணும் மிஞ்சியிருக்காது. அது எனக்கு அன்னைக்குத் தெரியலை, இவுருக்குத் தெரிஞ்சுது. நீங்க ஏழு பேரும் பங்களாவக் கொளுத்துவோங்கறீங்க. ஒரு கோழி கழுத்தத் திருகியிருக்கியா நீ? நான் ஆளை அடிச்சவ. அடிக்கறது சுளுவு கண்ணு. கொடுவாள் வெச்சிருக்கறவ காலைப் புடிக்கோணும் பாரு, அதுக்கு உன்னால ஆகுமா?"

ஆகாது. அப்போதே தெரிந்தது. ஆனால் புளியம் விளாரை என் கையில் கொடுத்துவிட்டார்கள், நாடே பார்த்துக்கொண்டிருந்தது. பின்வாங்க ரோஷம் விடவில்லை.

அடித்தேன். அவள் பலாமரத்தைப் பிடித்துக்கொண்டு தானே எண்ணினாள். நாலாவது அடியில் சேலை கிழிந்தது. ஏழாவதில் ரத்தம் தெறித்து என் மணிக்கட்டில் விழுந்தது. எட்டாவதை லேசாகப் போட்டேன்.

"இது சேராது. மறுபடி போடு. நாளைக்கு எவனும் அரைகுறைன்னு சொல்லக் கூடாது" என்றாள்.

மறுபடி போட்டேன். தலைவர் வாய்விட்டு அழுதார். விளாரைப் பிடிக்க ஓடி வந்தவரை இரண்டு பேர் பிடித்து வைத்திருந்தார்கள். "அம்மிணி, வேண்டாங்க, நான் மலையிறங்கிடறேன்" என்றார். "சும்மா உக்காருங்க ஐயா" என்று அக்கா கத்தினாள். பன்னிரண்டும் முடிந்ததும் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, காற்று வழியும் அந்த வாயால் வாக்குக் கொடுத்தார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

எனக்குப் புத்தி அத்தோடு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்மேல் கோபம் வந்தது. அதை நான் பங்களாமேல் திருப்பினேன். பேசத்தான் கூடாது, கொளுத்தக் கூடாது என்று சட்டமில்லையே என்று நாங்கள் ஏழு பேரும் வக்கீல் மாதிரி வாதம் பேசிக்கொண்டோம். அடுத்த சந்தை நாளில், கார்டுகள் சந்தைக்குப் போயிருந்த உச்சிவெயிலில் போனோம். கூரையில் தீயை வைத்தது என் கை. குபீரென்று பிடித்ததில் என் புருவமும் முன்முடியும் பொசுங்கின.

உள்ளே வாட்ச்மேன் காய்ச்சலில் படுத்திருந்தான். எங்களுக்குத் தெரியாது. அவனும் மலைக்காரன்தான், பக்கத்து ஊர். ஜன்னலை உடைத்துக்கொண்டு விழுந்தான். இடுப்புக்குக் கீழே தோல் இல்லை. நாங்கள் ஓடிவிட்டோம். மூன்று நாள் கத்தினான் என்றார்கள். நாலாவது நாள் கத்தவில்லை.

அவன் செத்த அன்றைக்கே போலீஸ் ஏறியது. அக்கா சொன்ன மாதிரியே, துப்பாக்கியோடு. ஆண் பெண் பார்க்கவில்லை. ஊர்க்கவுண்டரின் முழங்கையைத் துப்பாக்கிக் கட்டையால் முறித்தார்கள். சாமைக் குதிர்களைக் கவிழ்த்துச் சேற்றில் மிதித்தார்கள். எல்லோரையும் பலாமரத்தடிக்கு ஓட்டி வந்து குந்த வைத்தார்கள். யாரும் தேடிப்போகாமலே தலைவர் குடையோடு மலையேறி வந்தார். "பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டது நானுங்க. சனத்தை விட்டுடுங்க" என்றார். அவரை மரத்தோடு கட்டினார்கள். கொளுத்தத் தூண்டிவிட்டவன் நீதான் என்று இன்ஸ்பெக்டர் லத்தியால் வயிற்றில் குத்தினார். ஆள் செத்திருக்கிறான், தூக்குதான் என்றார்.

"யார் வெச்சது?"

"நான் பாக்கலீங்க" என்றார் தலைவர். அது நிஜம். ஆனால் அதைச் சொல்லும்போது என் பொசுங்கின புருவத்தைப் பார்த்துவிட்டார். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொரு குத்து விழுந்தது. ரத்தமாக வாந்தி எடுத்தார்.

நான் குந்தியிருந்தேன். கல்மேல் ஏறிப் பேசினவன், எட்டாவது படித்தவன், முழங்காலுக்குள் தலையை வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

அக்கா எழுந்தாள். "நாந்தானுங்க கொளுத்துனேன்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "போடி. இந்தாளைக் காப்பாத்தறதுக்குப் பொய் சொல்றயா?"

அக்காவின் குரல் இறங்கியது. "நம்பிக்கை வரலீங்களா? சாமி, கொஞ்சம் கிட்ட வாங்க."

மலைக்காரர்கள் அத்தனை பேரும் குந்தினபடியே பின்னால் நகர்ந்தோம். இன்ஸ்பெக்டருக்கு விவரம் தெரியாது. கிட்டப் போனார். அவள் விட்ட அறையில் அவர் தொப்பி எங்கேயோ போய் விழுந்தது. ஆள் மண்டிபோட்டுவிட்டார். அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நாலு பேர் சேர்ந்து கட்டையால் அடித்தார்கள். நான் அடித்த முதுகில், இன்னும் ஆறாத அந்தப் புண்ணிலேயே அடித்தார்கள்.

"அவங்க சொல்றது பொய்யிங்க. அம்மிணி, பொய் சொல்லாதீங்க" என்று தலைவர் கயிற்றை அறுத்துக்கொள்ளப் பார்த்தார்.

அக்கா மண்ணிலிருந்து தலையைத் தூக்கினாள். "வாய மூடுங்க ஐயா. உங்களுக்குப் பொய்யும் வராது, அடிக்கவும் வராது. எனக்கு வாரதை நான் செய்யறேன். நீங்க போயி மனு எழுதுங்க."

தலைவரை அவிழ்த்துவிட்டு, அக்காவின் கைகளைப் பின்னால் கட்டித் தடத்தில் இறக்கிக்கொண்டு போனார்கள். என்னைத் தாண்டும்போது நின்றாள். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது.

"கண்ணு, கிட்ட வா."

போனேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கைதான் கட்டியிருந்ததே.

"எந்தக் காது கேக்கும்?"

வலது காதைக் காட்டினேன். அதில் வாயை வைத்துச் சொன்னாள். "உனக்காவ இல்ல, அவருக்காவத்தான் போறேன். இனி அவுரைப் பத்தி எவனாச்சும் பேசுனா நீதான் அடிக்கோணும். எனக்குக் கை ஒழியாது."

அவ்வளவுதான். அவள் திரும்பி வரவில்லை. ஆயுள் தண்டனை என்றார்கள், இரண்டாம் வருஷம் ஜெயிலில் காய்ச்சலில் போய்விட்டாள் என்று தாக்கல் வந்தது. அதற்கிடையில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை மலையிறங்கி ஸ்டேஷன் வாசல்வரை போய்த் திரும்பினேன். தலைவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்காக மனுமேல் மனுவாக எழுதிக்கொண்டிருந்தார். வயிற்றில் வாங்கின குத்து ஆறாமலே, சுதந்திரத்துக்கு முந்தின வருஷம் அவரும் போனார். மண்ணைக் கையில் வைத்துக் கொடுத்த வாக்கை நாடு காப்பாற்றியது. புனக்காடு எங்களிடமே இருந்தது.

அவர் போன சில மாதங்களில் காளப்பநாயக்கன்பட்டியில் எங்கள் சங்கக் கூட்டம். புதிதாக வந்த வாலிபன் ஒருவன் மேடையில் பேசினான். நல்ல குரல். காலேஜ் படிப்பு. நம்முடைய பழைய தலைவர் மிதமிஞ்சிய மிதவாதி, மனு எழுதியே காலத்தை ஓட்டினார், துணிச்சல் மட்டும் இருந்திருந்தால் முழுக்காடும் அன்றைக்கே கைக்கு வந்திருக்கும் என்றான். பிறகு உதட்டைக் குவித்துக் காற்று விட்டு, "ஷர்க்காருக்கு..." என்றான். முன்வரிசை சிரித்தது.

நான் எழுந்து மேடைக்குக் கீழே போய் நின்றேன். அதுவரை நான் அடித்தது அவள் ஒருத்தியைத்தான். அவருக்கு இது பிடிக்காது என்பதும் தெரியும்.

"நல்லாப் பேசறயே. கண்ணு, கொஞ்சம் கிட்ட வா" என்றேன்.

கீழ்நாட்டுப் பிள்ளை, விவரம் தெரியாது. சிரித்துக்கொண்டே இறங்கி வந்தான்.